இரண்டாவது அறிவிப்பு

அக்கா உயிரோடு இருந்தவரை இதைப் பற்றி நான் மூச்சு விட்டதில்லை. போன மழைக்காலத்தில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் சொன்னால் வலிக்கப்போவது எனக்கு மட்டும்தான். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. அண்ணன் தம்பி இரண்டு பேரில் மூத்தவரை அவள் கட்டினாள், இளையவரை நான் கட்டினேன். ஒரே வீட்டில் நடுவில் ஒரு சுவர் எழுப்பி இரண்டு குடித்தனம். வந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் ஆகவே ஆகாது. காரணம் அவள் தொண்டை. மெல்லப் பேசுவது என்ற ஒன்றையே அவள் அறிந்ததில்லை. என் சமையலில் உப்பு கூடிவிட்டால் மறுநாள் தெருக்கோடி வீட்டுக்காரி என்னை நிறுத்தித் துக்கம் விசாரிப்பாள். ரகசியம் என்று அக்கா என் காதோரம் வந்து சொன்னது வாசலில் போகிற தபால்காரருக்குக் கேட்கும். அந்தக் குரலுக்காக ஊரே கதவைச் சாத்திக்கொண்டு காத்திருக்கப்போகிறது என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன்.

எங்கள் ஊரின் மூன்று பக்கமும் கம்பெனித் தோட்டம். கண்ணுக்கெட்டிய தூரம் பழமரங்கள். நான்காவது பக்கம் கால்வாய். அந்தத் தண்ணீரைத்தான் வடிகட்டி எங்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுவார்கள். மரத்தில் பூச்சி விழுந்தால் கம்பெனி விமானத்தை வரவழைத்து மருந்தடிக்கும். மஞ்சள் நிறத்தில் சின்ன விமானம். மரங்களின் தலையை உரசுகிற மாதிரி தாழ வந்து, வரிசை முடியும் இடத்தில் ஜிவ்வென்று மேலே ஏறித் திரும்பும். விஷத்துக்கு மருந்து என்று பெயர் வைத்து நாங்களும் கூசாமல் சொல்லிப் பழகிவிட்டோம்.

அக்காவின் கணவரை நான் மூத்தவர் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அவர் தேனீ வளர்ப்பவர். பூ விடும் பருவத்தில் கம்பெனியே ஆள் அனுப்பி அவரைக் கூப்பிடும். அவருடைய பெட்டிகளைத் தோட்டத்து ஓரத்தில் வைத்தால்தான் பூவெல்லாம் காயாகும். காய் பிடித்ததும் அதே கம்பெனி விமானத்துக்குச் சொல்லி அனுப்பும். அவர்கள் நியாயம் அப்படி.

மூத்தவரின் நிதானத்தைப் பற்றி ஊரில் கேலி பேசாதவர்கள் இல்லை. வீடு தீப்பற்றி எரிந்தால்கூடச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் வெளியே ஓடுவார் என்பார் என் கணவர். அவர் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவதற்குள் நான் ஒரு வேளைச் சமையலை முடித்துவிடுவேன். தேனீக்கு நடுவில் வேலை செய்கிறவன் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, அப்படி இழுத்தால் கொட்டும். அந்தப் பழக்கம் அவருக்கு நடையிலும் பேச்சிலும் ஊறிவிட்டது. அக்கா பத்து வார்த்தை பேசி முடித்த பிறகு இவர் ஒரு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தை "சரி" என்பதாக இருக்கும்.

ஒரு வருடம் முன்தகவல் எதுவும் இல்லாமல் விமானம் வந்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்கள். கொடியில் கிடந்த துணி, மூடாத தொட்டி, வேலியோரம் கட்டியிருந்த ஆடு என்று எல்லாவற்றின் மேலும் தூறலாக விழுந்தது. சாயங்காலம் தெருவில் பாதிப் பேருக்கு வாந்தி. மூத்தவர் அப்போது தோட்டத்தில் பெட்டிகளோடு இருந்தார். பெட்டிகளில் முக்கால்வாசி போயிற்று. பெட்டிகளின் வாசல் பலகைக்குக் கீழே குவிந்து கிடந்த தேனீக்களை அவர் கையால் அள்ளிக் கூடையில் போட்டதை நான் பார்த்தேன். அன்றோடு அவர் மூச்சும் கெட்டது.

"இந்த மருந்து இன்னொரு தடவை உடம்புல பட்டா, அப்புறம் என்கிட்ட கூட்டிட்டு வராதீங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது" என்று டாக்டர் அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த வார்த்தை அவள் நெஞ்சில் ஆணி மாதிரி இறங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். ஊருக்காகப் பாடுபட்டவள் என்று பின்னால் மேடையில் பேசினார்கள். பேசட்டும். அவள் பாடுபட்டது தன் புருஷனுடைய மூச்சுக்காக. அதில் என்ன கேவலம் இருக்கிறது?

பெண்களைச் சேர்த்துக்கொண்டு அவள் ஏறாத அலுவலகப் படி இல்லை. விசாரணைக் கூட்டம் ஒன்றில் பேச எழுந்தபோது அதிகாரி மைக்கை எடுத்துத் தூர வைத்துவிட்டு, "உங்களுக்கு இது தேவைப்படாதும்மா" என்றாராம். கடைசியில் விதி வந்தது. வீடுகளுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் இவ்வளவு தூரம் விட்டுத்தான் அடிக்க வேண்டும். காற்று பலமாக இருந்தால் விமானத்தை எடுக்கக் கூடாது. அடிப்பதற்கு முதல் நாளே ஊர் முழுக்க அறிவிக்க வேண்டும், தேனீ வைத்திருப்பவர்கள் பெட்டிகளை மூடிக்கொள்ள நேரம் தர வேண்டும். ஒரு தடவை அறிவித்தால் அது இரண்டு நாளைக்குச் செல்லும். இந்தக் கடைசி வரியை அன்று யாரும் கவனித்துப் படிக்கவில்லை.

அறிவிப்பது யார் என்ற பேச்சு வந்தபோது ஊர் அலுவலகத்தில் வேறு பெயரே எழவில்லை. ஒரு பழைய சின்ன வேன், அதன் தலையில் இரண்டு ஒலிபெருக்கி. அக்காவே ஓட்டிக்கொண்டு அக்காவே பேசினாள். அன்றிலிருந்து அவளுக்கு ஸ்பீக்கரக்கா என்று பெயர்.

"நாளைக்குக் காலையில மருந்து விமானம் வருது. தொட்டிய மூடுங்க. துணிய எடுத்து உள்ள போடுங்க. ஜன்னலச் சாத்துங்க. பிள்ளைங்கள வெளிய விடாதீங்க. தேன்பெட்டி வச்சிருக்கவங்க பெட்டிய மூடுங்க. நான் திரும்ப வந்து சொல்ற வரைக்கும் யாரும் எதையும் திறக்காதீங்க."

அந்தக் கடைசி வாக்கியம் விதியில் இல்லை. அவளாகச் சேர்த்தது. விமானம் வந்து போய், தூறல் அடங்கியதும் அவள் மறுபடி தெருத்தெருவாகப் போவாள். "முடிஞ்சிருச்சு. இனிமே திறக்கலாம்." இதை நாங்கள் இரண்டாவது அறிவிப்பு என்போம். முதல் அறிவிப்புக்குத்தான் அலுவலகத்தில் உத்தரவு இருந்தது. இரண்டாவது அவளுடைய சொந்த ஏற்பாடு. ஆனால் ஊர் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அவள் குரல் கேட்காமல் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டார்கள். ஒரு தடவை, "மூணாவது தெரு, பச்சை கேட்டு வீடு, மாடி ஜன்னல் திறந்திருக்கு, பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்று மைக்கிலேயே போட்டு உடைத்துவிட்டாள். பச்சை கேட்டு வீட்டார் ஒரு வாரம் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

வீட்டிலும் அதே கறார்தான். "நீங்க என் புருஷன்னு உங்களுக்கு மட்டும் முன்னாடி வந்து காதுல சொல்லிட்டுப் போக மாட்டேன். ஊருக்குச் சொல்றப்பதான் உங்களுக்கும்" என்று மூத்தவரிடம் சொன்னாள்.

"சரி" என்றார் அவர்.

பெட்டி மூடுவது என்றால் என்ன என்று தெரிந்தால்தான் மேலே சொல்வது புரியும். முதல் நாள் பொழுது சாய்ந்து தேனீக்களெல்லாம் வீடு திரும்பிய பிறகு, பெட்டியின் வாசலைக் கம்பி வலையால் அடைக்க வேண்டும். மேலே ஈரச் சாக்கைப் போர்த்த வேண்டும். மறுநாள் காலை விமானம் வந்து போய்விட்டால் நல்லது. வெயில் ஏற ஏறப் பெட்டிக்குள் சூடு ஏறும். தேனீக்கள் வெளியே வர வழியில்லாமல் வலையில் வந்து அப்பும். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருந்தால் உச்சிவெயில்வரை தாங்கும். அதற்கு மேல் போனால் மெழுகு இளகி, கூடு சரிந்து, தேனீக்கள் தங்கள் தேனுக்குள்ளேயே மூழ்கிச் செத்துப்போகும். மூத்தவர் சொல்லித்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த நாளுக்கு வருகிறேன்.

முதல் நாள் மாலை அக்கா வழக்கம்போல அறிவித்துவிட்டாள். ஊர் மூடிக்கொண்டது. காலையில் எழுந்து பார்த்தால் சரியான காற்று. ஜன்னல் கதவெல்லாம் தடதடவென்று அடித்துக்கொண்டது. காற்று இருந்தால் விமானம் வரக் கூடாது, அதுதான் விதி. வரவில்லை. ஆனால் இன்று வராது என்று சொல்லவும் யாரும் வரவில்லை. அப்படிச் சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை. அக்கா விடிந்ததும் வேனை எடுத்துக்கொண்டு கம்பெனியின் ஓடுதளத்துக்குப் போய் அலுவலக வாசலில் உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் ஊரில் இல்லை. பைலட் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். எழுத்தர் மட்டும் மேசையில் இருந்தார்.

நான் தோட்டத்து ஓரத்துக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். மூத்தவருக்கு மூச்சு முட்டும், தனியாகத் தண்ணீர் சுமக்க முடியாது. பெட்டிகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு பம்பு ரூம் இருந்தது. அங்கிருந்து குடத்தில் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் சாக்குகளின் மேல் தெளிப்பார். முதல் விஷத்துக்குப் பிறகு மிஞ்சியவற்றை வைத்து, ஒவ்வொன்றாகப் பெருக்கி, அத்தனை பெட்டிகளை மறுபடி சேர்த்திருந்தார். போன் அவர் கையில் இருக்காது. தேன் பிசுபிசுக்கும் கையால் அதைத் தொட முடியாது என்று வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

காற்று தணியவில்லை, வெயில் மட்டும் ஏறியது. காலையில் பெட்டிகளுக்குள் கேட்ட ரீங்காரம் இப்போது இரைச்சலாக மாறியிருந்தது. ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்தவர் ஒரு பெட்டியிடம் நின்றுவிட்டார்.

"இதுல சத்தம் இறங்குதும்மா."

நானும் குனிந்து பார்த்தேன். வலைக்கு உள்ளே கறுப்பாக அப்பிக் கிடந்தது. வாசல் பலகையில் தேன் ஒரு கோடாக வழிந்திருந்தது.

"திறந்து விட்டுடுங்க மாமா. இந்தக் காத்துல எவன் விமானம் ஓட்டப்போறான்?"

"அவ சொல்லட்டும்."

"அவ சொல்றதுக்குள்ள எல்லாம் செத்துடும்."

இன்னொரு குடம் வாங்கித் தெளித்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. பொறுமைக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னும் சாக்கு எடுத்து வர வீட்டுக்கு நடந்தேன். உள்ளே நுழையும்போதே போன் அடித்தது.

அக்காதான். அவளுடைய வழக்கமான குரல் இல்லை. யாருக்கும் கேட்கக் கூடாது என்று அடக்கிப் பேசினாள்.

"பெட்டி எப்படி இருக்கு?"

"ஒண்ணு போயிருச்சுன்னு நினைக்கிறேன். மத்ததும் தாங்காதுக்கா. அவரு திறக்க மாட்டேங்கிறாரு, நீ சொல்லணுமாம்."

அவள் சொன்னாள். "எழுத்தர் சொல்றாரு, இன்னைக்குக் கிளம்ப மாட்டாங்களாம். பைலட்டும் சாப்பிடப் போயிட்டாரு. ஊருக்குச் சொல்லணும்னா மேனேஜர் வாயால வரணும், அவருக்குப் போன் போட்டுட்டே இருக்கேன், எடுக்க மாட்டேங்கிறாரு. நீ போய் அவர்கிட்ட மட்டும் சொல்லிடு. திறக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

நான் ஓடினேன். மூச்சிரைக்கச் சொன்னேன். அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அவளே சொன்னாளா?"

"அவளேதான் மாமா. திறந்துடச் சொன்னா."

அதற்குப் பிறகுதான் அவர் முதல் வலையை உருவினார். அடைபட்டுக் கிடந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பொங்கி வெளியே வந்தது. இரண்டாவது பெட்டி, மூன்றாவது பெட்டி என்று அவர் போகப் போகத் தலைக்கு மேல் காற்று முழுக்கத் தேனீ. அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இவ்வளவு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

"நீ தள்ளிப் போயிடும்மா. கோவத்துல இருக்கும், கொட்டிடும்" என்றார்.

நான் பம்பு ரூமுக்கு வந்து முகம் கழுவினேன். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கதவு ஆடவில்லை. காற்று நின்றிருந்தது.

காற்று நின்றதும் பைலட் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டாராம். மறுநாள் வேறு ஊரில் வேலை இருந்ததாம். முதல் நாள் அறிவித்ததுதான் இரண்டு நாளைக்குச் செல்லுமே, யாரிடம் எதைக் கேட்க வேண்டும்? இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது விமானத்தின் சத்தம் மட்டும்தான். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கதவிடுக்கில் நின்று "மாமா, வந்துடுங்க" என்று கத்தினேன். அவர் ஓடி வந்திருக்கலாம். எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அவர் ஓடவில்லை. கீழே கிடந்த ஈரச் சாக்குகளை எடுத்து ஒவ்வொரு பெட்டியாகப் போர்த்தத் தொடங்கினார். தேனீக்களெல்லாம் வெளியே இருந்தன. வெறும் பெட்டிகளைப் போர்த்திக்கொண்டிருந்தார். விமானம் அவர் தலைக்கு மேல் வந்து, திரும்பி, மறுபடியும் வந்தது.

சத்தம் தேய்ந்ததும் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு போய் அவரை இழுத்து வந்தேன். சட்டை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. தரையெல்லாம் தேனீக்கள் மல்லாந்து சுற்றிக்கொண்டிருந்தன. மிதிக்காமல் நடக்க இடமில்லை. சட்டையைக் கிழித்தெடுத்துக் குழாயடியில் உட்கார வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். கண்ணிலும் வாயிலும் நீர் வழிந்தது. கண்மணி ஊசி முனையளவு சுருங்கியிருந்தது. அப்போது தூரத்தில் ஒலிபெருக்கி கேட்டது. அக்கா வேனை விரட்டிக்கொண்டு வந்தாள். "விமானம் கிளம்பிருச்சு, யாரும் வெளிய வராதீங்க, திறக்காதீங்க, திறக்காதீங்க" என்று ஊரைச் சுற்றி அலறிக்கொண்டே வந்தாள். மற்ற வீடுகள் எல்லாம் மூடித்தான் இருந்தன.

மூத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த நிலையில் அவ்வளவு பிடி எங்கிருந்து வந்ததோ.

"நீ வர்றதுக்கு முன்னாடியே... நான் திறந்துட்டேன். சரியா? நீ என்கிட்ட வந்து சேரவே இல்ல."

"என்ன மாமா சொல்றீங்க?"

"நீ வழியில வந்துட்டிருந்த. விமானம் வந்துருச்சு. இங்க ஒதுங்கிட்ட. அவ்ளோதான்."

வேன் நின்றது. அக்கா ஓடி வந்தாள். அவரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், தூரத்தில் திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"நான் சொல்லி அனுப்பினதுக்கு அப்புறம்தான் திறந்தாரா?" என்று என்னைக் கேட்டாள்.

அவர்தான் முந்திக்கொண்டார். "நானேதான்... தாங்கல. திறந்துட்டேன்."

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். "நான் வர்ற வழியிலயே விமானம் வந்துடுச்சுக்கா. இங்க ஒதுங்கிட்டேன். அப்பவே பெட்டியெல்லாம் திறந்துதான் கிடந்துச்சு."

அவள் முகத்தில் ஒரு நொடி ஒரு நிம்மதி வந்து போனது. சத்தியமாகச் சொல்கிறேன், அது அவள் குற்றமில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் வந்திருக்கும். அடுத்த நொடி கோபம் வந்துவிட்டது. அவரை வேனில் ஏற்றும்போதும், வழி நெடுக ஓட்டும்போதும் திட்டிக்கொண்டே வந்தாள். "ஊரே என் பேச்சக் கேக்குது. கட்டினவரு கேக்கல. கொஞ்ச நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? அப்படி என்ன அவசரம் உங்களுக்கு?"

"சரி" என்றார் அவர். அதற்கு மேல் பேச மூச்சில்லை.

பிழைத்துக்கொண்டார். டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னாரே தவிர, அவரால் முடிந்ததையெல்லாம் செய்தார். ஆனால் பழைய ஆள் திரும்பவில்லை. ஒரு டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் பாதி நெஞ்சில் சிந்தும். இரண்டு வார்த்தைக்கு நடுவில் ஒரு மூச்சு எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு ஆய்வு அதிகாரியும் கம்பெனி மேனேஜரும் வந்தார்கள். அறிவிப்பு கொடுத்தாயிற்றா? கொடுத்தாயிற்று. காற்று நின்ற பிறகுதான் விமானம் எடுத்தார்களா? ஆமாம். அறிவிப்புக் காலத்தில் பெட்டியைத் திறந்தது யார்? கட்டிலில் இருந்தவர் கையைத் தூக்கினார். "நான்தான். என் தப்புதான்." அதோடு விசாரணை முடிந்தது. "விதிய மதிச்சாதானே விதி காப்பாத்தும்" என்று வெளியே போகும்போது மேனேஜர் சொன்னார். உண்மையைச் சொன்னால் அப்போதும் கம்பெனிமேல் தப்பு வராது. அனுமதி இல்லாமல் திறக்கச் சொன்னவள் என்று அக்காமேல் வரும். அந்த விதி அப்படித்தான் எழுதியிருந்தது. புருஷன் அல்லது பெண்டாட்டி, இரண்டில் ஒருவர் தலையில்தான் அது விழும்.

அக்கா மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில் நான் கேட்டேன். "ஏன் மாமா இப்படிச் செய்றீங்க?"

"தெரிஞ்சா... மைக்கத் தொட மாட்டா. ஊருக்கு... யாரு சொல்றது?" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அது கூட இல்லம்மா. அப்புறம் அவ... என் மூஞ்சியப் பாக்க மாட்டா. எனக்கு அதுதான்" என்றார்.

அக்காவின் குரல் அவர் நினைத்த மாதிரியே அடங்காமல் நின்றது. விதியில் ஓட்டை இருக்கிறது என்று அக்கா மறுபடி படியேறத் தொடங்கினாள். இரண்டாவது அறிவிப்பும் விதியில் வர வேண்டும். உச்சிவெயிலுக்குள் விமானம் வராவிட்டால் முதல் அறிவிப்பு செல்லாது. கிளம்புவதற்கு முன் அறிவிப்பாளரிடம் கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இதற்காகக் கூடிய கூட்டத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. மூத்தவரையும் அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தாள். அவள் பேசினாள்.

"ரெண்டாவது அறிவிப்பு எதுக்குன்னு கேக்குறீங்க. இதோ உக்காந்திருக்காரே, இவர மாதிரி ஆளுங்களுக்குத்தான். பெட்டி சூடாகுதுன்னு பதறிப்போய், யாரு சொல்றதுக்கும் காத்திருக்காம திறந்தாரு. திறந்த கையோட விமானம் வந்துருச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா நல்லா இருந்திருப்பாரு. என் புருஷனுக்கே பொறுமை இல்லன்னா மத்தவங்கள நான் என்ன சொல்ல? எப்ப முடியும்னு தெரிஞ்சாதான் மனுஷன் காத்திருப்பான். அதைச் சட்டத்துல எழுதுங்க."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். மூத்தவர் நடுங்கும் கையை மெல்லத் தூக்கி, "ஆமா" என்றார். நான் அவருக்குப் பின் வரிசையில் இருந்தேன். எழுந்து நின்று எல்லார் முன்னிலும் உண்மையைப் போட்டு உடைக்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விதி திருத்தப்பட்டது. அவள் கேட்டது அவ்வளவும் வந்தது. இன்றைக்கு வெயில் உச்சிக்கு வந்தால் எங்கள் ஊரில் பெட்டிகளைத் திறந்துவிடலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூத்தவருக்கு ஊரில் அவசரம் என்று பெயர் விழுந்தது. அந்த மனிதருக்கு, அந்தப் பெயர். சின்னப் பிள்ளைகள்கூட "அவசரம் தாத்தா" என்று கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். ஒரு பெட்டிகூட அவர் பிறகு வைக்கவில்லை. இரண்டு குளிர்காலம் தாண்டினார். மூன்றாவதில் போய்விட்டார். உடம்பைக் கிடத்தியிருந்தபோதும் அக்கா, "பொறுமை இருந்ததா இந்த மனுஷனுக்கு? இருந்ததா?" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். வந்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

அதன் பிறகும் வருடக்கணக்காக அக்கா வேனில் போனாள். கண் மங்கிய பிறகு வேறொருவர் ஓட்ட, அவள் பேசினாள். அதுவும் முடியாமல் படுத்த பிறகு நான்தான் பக்கத்தில் இருந்தேன். சுவரை இடித்து எப்போதோ ஒரே வீடாக்கியிருந்தோம். கடைசிக்கு முந்தைய வாரம், சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு வாய் வாங்கியதும் என் கையைத் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

"அன்னைக்கு நீ போறப்ப, பெட்டியெல்லாம் திறந்துதான் கிடந்துச்சா?"

"அதைத்தான் அப்பவே சொன்னேனேக்கா."

"சொன்ன. சொன்ன." அவள் கூரையைப் பார்த்தாள். "அவருக்கு எதுலயும் அவசரமே வராதே. ஒரு சட்டையப் போடவே அரை நாள் ஆகும். அதான் கேட்டேன்."

தட்டு என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். "தேனீன்னா அவரால தாங்க முடியாதுக்கா. உள்ள சத்தம் அடங்கிப்போச்சு. வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி நானே கேட்டேன். திரும்பி வந்தப்ப நான் கிட்ட போகவே இல்ல, அதுக்குள்ள விமானம் வந்துடுச்சு."

"என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

அவள் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

"அப்ப சரி" என்றாள். "நானா இருக்குமோ, நானா இருக்குமோன்னு இத்தனை வருஷமும் பயந்துக்கிட்டேதான் அவரத் திட்டினேன்."

அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது, எடுத்துக்கொண்டு போய்ச் சூடு பண்ணினேன்.